வியர்வைக்கு வழிவிடும் சட்டை

பங்குனி உத்திரம் நெருங்கும் நாட்களில் திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி போகும் சாலையில் பாதயாத்திரைக் கூட்டம் எந்த நேரத்தில் நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே கிளம்பிவிடுகிறார்கள். வெயில் ஏறியதும் மண்டபத்திலோ புளியமரத்தடியிலோ துண்டை விரித்துச் சாய்ந்துவிடுகிறார்கள். சாயங்காலம் எழுந்தால் நள்ளிரவு வரை நடை. தலையில் நனைத்த துண்டு, இடுப்பில் பருத்தி வேட்டி, முதுகுப்பையில் போலீஸ்காரர் ஒட்டிவிட்ட ஒளிரும் ஸ்டிக்கர், பந்தலுக்குப் பந்தல் உப்பும் கறிவேப்பிலையும் போட்ட நீர்மோர். தைப்பூசத்துக்கு நடப்பவர்களுக்குத் தை மாதக் குளிர் துணைக்கு இருக்கிறது. உத்திரத்துக்கு நடப்பவர்களுக்கு அதுவும் இல்லை. யாரும் அவர்களுக்கு உடலியங்கியல் வகுப்பு எடுத்ததில்லை. ஆனாலும் கோடையில் நெடுந்தூரம் போவது எப்படி என்று ஆய்வகங்கள் சொல்வதில் முக்கால்வாசி இந்த நடையிலேயே இருக்கிறது.

திருவிழா இல்லாத நாளில் அதே சாலையோரப் பேவர் பிளாக் நடைபாதைக்கு வேறு கூட்டம் வரும். போலீஸ் தேர்வுக்காக 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடிப் பழகும் பையன்கள். வனக்காப்பாளர் வேலைக்காக 4 மணி நேரத்தில் ஆண் என்றால் 25 கி.மீ., பெண் என்றால் 16 கி.மீ. நடந்து காட்ட வேண்டியவர்கள். சர்க்கரை எட்டிப் பார்த்த பிறகு நடக்க ஆரம்பித்து, நடை ஓட்டமாகி, இப்போது அரை மராத்தான் பதக்கத்தை வரவேற்பறையில் மாட்டியிருக்கும் வங்கி ஊழியர்கள். எல்லோரும் முதலில் கேட்பது ஷூவைப் பற்றி: எந்த கம்பெனி, என்ன விலை? என் கணக்கில் அது நான்காவது கேள்வி. எந்த நேரத்தில் ஓடுகிறோம், எந்தக் காற்றில் ஓடுகிறோம், மேலே என்ன போட்டிருக்கிறோம் என்ற மூன்றும் முடிந்த பிறகுதான் காலுக்கு வர வேண்டும். ஏனென்றால் வெயிலில் ஓடுகிறவனுக்கு இயற்கை கொடுத்திருக்கும் குளிர்சாதனம் ஒன்றே ஒன்று, வியர்வை. காசு கொடுத்து வாங்கும் எந்தப் பொருளும் அதற்கு வழிவிடுகிறதா, குறுக்கே நிற்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

கணக்கைப் போட்டுவிடுவோம். ஓடுவதற்குத் தோராயமாக ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோகலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஓடினால் 600 கிலோகலோரி. இதில் முக்கால் பங்குக்கு மேல், அதாவது 450-க்குக் குறையாமல், வெறும் வெப்பமாகத்தான் வெளிவருகிறது. தசை அவ்வளவு சிக்கனமான எஞ்சின் இல்லை. 60 கிலோ உடம்பின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறக்குறைய 50 கிலோகலோரி போதும். ஆக, வெப்பம் வெளியேற வழியே இல்லாவிட்டால் ஆறேழு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் உள்ளே சூடேறும். 37-இல் ஆரம்பித்தவர் அரை மணி நேரம் ஆவதற்குள் 40-ஐத் தாண்டிவிடுவார். அங்கே மூளை தடுமாற ஆரம்பிக்கும்.

இதைத் தடுப்பது தோலில் உள்ள இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வியர்வைச் சுரப்பிகள். ஒரு லிட்டர் வியர்வை தோலின்மேல் முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரியைச் சுருட்டிக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும் இதே வித்தைதான். பானையில் வெளிப்பக்கம் கசிந்த ஈரம் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அந்தப் பானைமேல் பாலித்தீன் பையைச் சுற்றி வைத்தால் கசிவும் இருக்கும், தண்ணீரும் இருக்கும், குளிர்ச்சி மட்டும் இருக்காது. ‘முழுதாக ஆவியானால்’ என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முழங்கையிலிருந்து சொட்டித் தரையில் விழும் வியர்வை ஒரு கலோரியைக்கூட எடுத்துப் போவதில்லை. அது தண்ணீர் நஷ்டம், உப்பு நஷ்டம், அவ்வளவுதான். எவ்வளவு வியர்த்தது என்று பெருமை பேசுபவர்கள் எவ்வளவு சொட்டியது என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

இனி நம் ஊர்க் காற்றுக்கு வருவோம். ஒரு பக்கம் சிறுமலை, மறுபக்கம் பழனி மலைத்தொடர், நடுவில் திண்டுக்கல் சமவெளி. தென்மேற்குப் பருவமழையைப் பழனி மலைகள் பெரும்பாலும் தங்கள் பக்கமே நிறுத்திக்கொள்வதால் இங்கே வருவது ஈரம் உதறிய காற்று. கத்திரி வெயில் நாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிற்பகலில் 38 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 30 சதவீதம். மறுநாள் விடியலில் 26 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். செல்போனில் இந்த 80-ஐப் பார்த்துவிட்டு, “காலையில் புழுக்கம் சார், சாயங்காலம்தான் காய்ந்த காற்று” என்று நேரத்தை மாற்றிக்கொள்பவர்கள் உண்டு. அந்த சதவீதம் ஆளை ஏமாற்றும். அது காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்று சொல்வதில்லை. அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய அளவில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்றுதான் சொல்கிறது. சூடான காற்று நிறையத் தாங்கும், குளிர்ந்த காற்று கொஞ்சம்தான் தாங்கும். நம் எடுத்துக்காட்டில் விடியல் காற்றின் நீராவி அழுத்தம் 2.7 கிலோபாஸ்கல், பிற்பகல் காற்றுடையது 2. ஈரத் தோலின் பக்கம் இருப்பதோ 5.6. இந்த இடைவெளிதான் வியர்வையை உறிஞ்சி எடுக்கும் விசை. இரண்டு வேளையிலும் அது தாராளமாகவே இருக்கிறது. பிற்பகலுக்குச் சற்றுக் கூடுதல் என்பது உண்மை. ஆனால் 26 டிகிரிக் காற்று 35 டிகிரித் தோலைத் தடவிக்கொண்டு போகும்போது தானும் கொஞ்சம் வெப்பத்தை எடுத்துப் போகும். 38 டிகிரிக் காற்று எதிர்மாறாக, கையில் இருப்பதையும் கொடுத்துவிட்டுப் போகும். அதற்குமேல் வெயில் வேறு.

வெயிலின் பங்கை எடைபோட ஒரு வழி இருக்கிறது. 1950-களில் அமெரிக்காவின் பாரிஸ் தீவு மரைன் படைப் பயிற்சி முகாமில் இளைஞர்கள் வெக்கையில் சுருண்டு விழுந்தபோது உருவாக்கிய குறியீடு அது. மூன்று தெர்மாமீட்டர்கள் வேண்டும். குமிழில் ஈரத் துணி சுற்றியது ஒன்று, கறுப்பு உலோக உருண்டைக்குள் வைத்து வெயிலில் விட்டது ஒன்று, நிழலில் தொங்கும் சாதாரணமானது ஒன்று. முதலாவதில் 70 சதவீதம், இரண்டாவதில் 20, மூன்றாவதில் 10 எடுத்துக் கூட்டினால் ஓர் எண் வரும். நம் கத்திரிப் பிற்பகலில் ஈரக்குமிழ் 24, கறுப்பு உருண்டை 50, நிழல் 38 என்று கொண்டால் கூட்டுத்தொகை 30.6. விடியலில் ஈரக்குமிழ் 23.3, மற்ற இரண்டும் 26. கூட்டினால் 24. இந்த எண் 28-ஐத் தாண்டினால் நெடுந்தூர ஓட்டத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறது அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி. இரண்டு வேளையிலும் ஈரக்குமிழ் அநேகமாக ஒன்றேதான் என்பதைக் கவனியுங்கள். ஆறரை புள்ளி வித்தியாசத்தைக் கொண்டுவந்தது பெரும்பாலும் சூரியன்.

கத்தார் நாட்டுக்காரர்கள் 2019-இல் இந்த இடத்தில்தான் அகப்பட்டுக்கொண்டார்கள். தோஹா உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மராத்தானை நள்ளிரவுக்கு மாற்றிவைத்தார்கள். சூரியன் இல்லைதான். ஆனால் வளைகுடாக் கடலின் ஈரம் அங்கேயே இருந்தது. அந்த நடுநிசியில் 32.7 டிகிரி, ஈரப்பதம் 73 சதவீதம். ஓடத் தொடங்கிய 68 பேரில் 28 பேர் பாதியில் விலகினார்கள். வென்ற கென்யாவின் ரூத் செப்ங்கெடிச் எடுத்துக்கொண்டது 2 மணி 32 நிமிடம் 43 விநாடி. அவர் தரத்துக்கு அது உல்லாச ஓட்டம். தோஹாவில் கைகொடுக்காத தந்திரம் பழனி சாலையில் கைகொடுப்பதற்குக் காரணம் இந்தச் சமவெளியின் வறட்சி. இங்கே சூரியனைக் கழித்துவிட்டால் எதிரியில் பாதி காலி. சென்னையிலோ தூத்துக்குடியிலோ இருப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுடையது தோஹாவுக்கு நெருங்கிய காற்று.

மாலை ஓட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மே மாதத்தில் திண்டுக்கல்லில் சூரியன் எழுவது ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்பு, மறைவது ஆறரையை ஒட்டி. மறைந்த பிறகும் தார்ச் சாலை பகலெல்லாம் விழுங்கியதைக் கக்கிக்கொண்டே இருக்கும். மலைக்கோட்டையைச் சுற்றி ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஏழு மணிக்கும் பாறைப் பக்கக் கன்னத்தில் அனல் அடிக்கும். இருபத்துநாலு மணி நேரத்தில் தரை, பாறை, காற்று மூன்றும் சேர்ந்து ஆறியிருக்கும் வேளை சூரியன் எழுவதற்குச் சற்று முன்புதான்.

காற்றடிக்கும் திசையும் கணக்கில் வரும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும் காற்று ஒட்டன்சத்திரம் பக்கம் ஆளைத் தள்ளும். அது முதுகில் பட ஓடுவது சுகமாகத் தோன்றும். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஓடுபவருக்குப் பின்னாலிருந்து அதே வேகத்தில் காற்று அடித்தால் அவர் உடம்பைப் பொறுத்தவரை காற்றே இல்லை. தோலைச் சுற்றி ஈரமான காற்று ஒரு படலமாக நின்றுவிடும், வியர்வை சொட்டும், சூடு ஏறும். எதிர்க்காற்றில் கால் வலிக்கும், உடம்பு குளிரும். அதனால் போகும்போது எதிர்க்காற்றாகவும் திரும்பும்போது பின்காற்றாகவும் வைத்துக்கொள்ளும் வழக்கம் குளிர் நாட்டுக்காரர்களுக்குப் பொருந்தும். வெயில் ஏறும் காலையில் நான் அதைத் திருப்பிப் போடச் சொல்வேன். சூடு சேர்ந்த பின்பாதியில்தான் காற்று முகத்தில் பட வேண்டும்.

சட்டைக்கு வருவதற்கு முன்னால் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கை எட்டிப் பார்த்துவிடலாம். மராத்தான் நாளன்று அந்தக் குளிர் நாட்டில் அதிசயமாக 30 டிகிரிக்கு மேல் வெயில். போர்ச்சுகலின் ஃபிரான்சிஸ்கோ லாசரோ, தோல் வெந்துவிடாமலிருக்க உடம்பு முழுக்க மெழுகுபோன்ற கொழுப்பைப் பூசிக்கொண்டு ஓடியதாகப் பதிவாகியிருக்கிறது. சுமார் 30-ஆவது கிலோமீட்டரில் விழுந்தார். மறுநாள் காலை இறந்தார். நவீன ஒலிம்பிக்கில் போட்டியின்போது நேர்ந்த முதல் மரணம். வெயிலைத் தடுக்கப் பூசியது வியர்வையையும் சேர்த்துத் தடுத்துவிட்டது. இன்றைக்கு யாரும் மெழுகு பூசுவதில்லை. ஆனால் தொப்பை கரையும் என்று வயிற்றில் ரப்பர் பெல்ட்டும், எடை குறையும் என்று ‘சவுனா சூட்’ என்கிற பிளாஸ்டிக் கோட்டும் மாட்டிக்கொண்டு ஓடுபவர்களை நம் மைதானங்களிலேயே பார்க்கலாம். அவர்கள் குறைப்பது தண்ணீரின் எடை. ஒரு சொம்பு குடித்தால் திரும்பி வந்துவிடும். இடையில் நடக்கக்கூடியது லாசரோவுக்கு நடந்தது.

பருத்தியா, பாலியெஸ்டரா? நூற்பாலை ஊரில் உட்கார்ந்துகொண்டு பருத்தியைக் குறைசொல்வது சங்கடமான வேலை. ஆனால் பருத்தியின் குணத்தை நம் மில்காரர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. நூறு கிராம் காய்ந்த பருத்தி சாதாரணக் காற்றிலிருந்தே எட்டரை கிராம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பது பஞ்சு வியாபாரத்தில் எடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் எண். நூல் அறுந்துவிடாமலிருக்க ஆலைக்குள் காற்றை ஈரப்படுத்தி வைப்பதும் இந்தக் குணத்தை நம்பித்தான். பாலியெஸ்டர் அரை கிராம்கூட வைத்துக்கொள்ளாது. பருத்தி இழை தண்ணீரைத் தனக்குள் குடிக்கும். பாலியெஸ்டர் இழை குடிக்காது, இழைகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய இடைவெளி வழியே தண்ணீரை வெளிப்பக்கத்துக்குக் கடத்தி அகலமாகப் பரப்பிவிடும். அங்கே அது சீக்கிரம் காயும்.

இதனால் பருத்தி கெட்டது என்று ஆகிவிடாது. சின்னாளபட்டிச் சுங்குடியும் மெல்லிய வேட்டியும் நடப்பவர்களுக்கு நல்ல உடை. அளவாக வியர்க்கிறது, தளர்வாகப் படர்கிறது, காற்று புகுகிறது, காய்ந்தும்விடுகிறது. ஓட்டத்தில் வியர்வை ஊற்றும் வேகம் வேறு. அரை மணி நேரத்தில் பருத்தி பனியன் நனைந்து கனத்துத் தோலோடு ஒட்டிக்கொள்ளும். துணியின் துளைகள் தண்ணீரால் அடைபட்டால் காற்று உள்ளே வராது. பிறகு உரசல். இரண்டு மணி நேரம் ஓடிவிட்டு வரும் ஆண்களின் சட்டையில் மார்புக் காம்பு இருக்கும் இடத்தில் இரண்டு ரத்தக் கோடுகள் இறங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உப்பேறிய ஈரத் துணி ஆயிரக்கணக்கான தடவை தேய்த்த காயம் அது. வேசலின் தடவுவதோ சின்ன பிளாஸ்திரி ஒட்டுவதோ போதும். தொடை இடுக்குக்கும் அக்குளுக்கும் அதே வைத்தியம்தான். ஆகவே அரை மணி நேரத்துக்குள் என்றால் எதுவும் சரி, ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் மெல்லிய, துளையுள்ள பாலியெஸ்டர் என்பது என் தீர்ப்பு.

அதற்காகப் பெரிய கம்பெனிப் பெயருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. எந்தக் கம்பெனித் துணியாக இருந்தாலும் ‘ட்ரை ஃபிட்’ என்றே கடைகளில் சொல்கிறார்கள். திருப்பூரிலிருந்து வரும் விலை குறைந்த சட்டைகளிலேயே நல்லதும் இருக்கிறது, சுத்த பிளாஸ்டிக்கும் இருக்கிறது. கடையிலேயே சோதிக்கலாம். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் துளைகள் தெரிய வேண்டும். துணியை வாயருகே வைத்து ஊதினால் மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் காற்று பட வேண்டும். கையில் தண்ணீர் பாட்டில் இருந்தால் துணியின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று விநாடியில் அகலமாகப் பரவினால் வாங்கலாம், உருண்டு நின்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். வாங்கிய பிறகு துணிக்கு வாசம் சேர்க்கும் கண்டிஷனர் திரவத்தில் அதை முக்காதீர்கள். அது இழைமேல் படலமாகப் படிந்து தண்ணீர் கடத்தும் வழியை அடைத்துவிடும். பாலியெஸ்டரில் வியர்வை நாற்றம் பருத்தியைவிடப் பிடிவாதமாகத் தங்கும் என்பது உண்மைதான். ஓடி வந்ததும் அலசிப் போட்டுவிடுவதைத் தவிர அதற்கு வழி இல்லை.

வெள்ளையா, கறுப்பா என்ற கேள்விக்கு ஒரு சுவையான பதில் இருக்கிறது. பாலைவனத்து பெதுவின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி போடுகிறார்கள் என்று ஆராய்ந்து 1980-இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. கறுப்பு அங்கி வெயிலை அதிகம் விழுங்கியது உண்மை. ஆனால் அங்கியின் உள்ளே தோலுக்கு வந்து சேர்ந்த வெப்பம் கறுப்பிலும் வெள்ளையிலும் ஒன்றாகவே இருந்தது. தளர்ந்த துணிக்கும் உடம்புக்கும் இடையே ஓடிய காற்று அந்தக் கூடுதல் சூட்டை வழியிலேயே தூக்கிப் போய்விட்டது. ஆக, நிறத்தைவிடத் தொளதொளப்பு முக்கியம். உடம்போடு ஒட்டிய சட்டை என்றால் அந்த இடைவெளி இல்லை, அங்கே வெள்ளைதான் மேல். ஒரு அளவு பெரிதாக, வெளிர் நிறத்தில் எடுத்தால் இரண்டு லாபமும் சேரும்.

தலைக்கு? அடர்த்தியான பருத்தித் தொப்பி மண்டைச் சூட்டை உள்ளேயே வைத்துவிடும். விடியலில் தொப்பியே வேண்டாம். ஏழு மணியைத் தாண்டும் நாளில் வலைத் துணித் தொப்பி, அல்லது நெற்றியில் நிழல் மட்டும் விழும் வைசர். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது நனைத்துப் பிழிந்த ஒரு துண்டுத் துணி, கழுத்தைச் சுற்றி. உலகப் போட்டிகளில் ஐஸ் நிரப்பிய கழுத்துப்பட்டையுடன் வருகிறார்களே, அதுவும் இதுவும் ஒரே குடும்பம். நம் காய்ந்த காற்றில் ஈரத் துண்டு நன்றாகவே வேலை செய்யும். வழியில் குழாய் கண்ட இடத்தில் மறுபடி நனைத்துக்கொள்ளலாம்.

ஓடுவதற்கு ஏற்ற நேரம் இருட்டிலே வருவதால் வாங்க வேண்டிய முதல் சாமான் உண்மையில் ஒளிரும் பட்டை. நாலு வழிச் சாலைப் பக்கம் போகவே வேண்டாம். கிராமத்துச் சாலையிலும் முட்டைக்கோஸ் ஏற்றிய மினி லாரி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு விரையும் நேரம் அது. மார்பிலும் முதுகிலும் ஒளிரும் பட்டை, முடிந்தால் கணுக்காலிலும் ஒன்று. ஆடும் கால் கண்ணில் சீக்கிரம் படும். வாகனத்தை எதிர்நோக்கியபடி வலது ஓரத்தில் ஓட வேண்டும். ஐந்தாயிரம் ரூபாய் வாட்ச் இல்லாமலும் ஓடலாம், ஐம்பது ரூபாய்ப் பட்டை இல்லாமல் ஓடக் கூடாது.

இப்போது ஷூ. தோல் பதனிடும் ஆலைகளுக்குப் பேர்போன ஊர் இது, ஆனால் இன்றைய ஓட்டக் காலணியில் தோலுக்கு இடமே இல்லை. மேல்பாகம் முழுக்க வலைத் துணி, கீழே ஈ.வி.ஏ. என்னும் நுரை. இந்த நுரை சூட்டில் இளகும், குளிரில் இறுகும். வெயிலில் நிறுத்திய காருக்குள்ளோ பைக் பெட்டியிலோ வைத்தால் பசை விட்டுப்போகும், நுரை தொய்யும். நிழலில் காற்றாடக் காயவைத்தால் 500 முதல் 800 கி.மீ. வரை தாங்கும். வெக்கையில் ஓடும்போது தோலுக்கு ரத்தம் அதிகம் பாய்வதால் பாதம் உப்பும். ஆகவே ஷூவைச் சாயங்காலம், கால் வீங்கியிருக்கும் நேரத்தில், ஓடும்போது போடுகிற சாக்ஸுடனேயே போய் வாங்க வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கட்டும். இதில் கஞ்சம் பிடித்தால் கால் நகம் கறுத்து விழும். தண்ணீர் புகாதது என்று விற்கும் ரகம் நமக்கு வேண்டாம். மழை உள்ளே வராததுபோல் வியர்வை வெளியே போகாது. சாக்ஸில் பருத்தி கூடவே கூடாது. சட்டை விஷயத்தில் நான் கொடுத்த சலுகை இங்கே இல்லை. ஈரப் பருத்தி சுருண்டு மடிந்து கொப்புளம் போட்டுவிடும்.

வெறுங்கால் ஓட்டத்தைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வார்கள். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960-இல் ரோமில் வெறுங்காலில் ஓடி மராத்தான் தங்கம் வென்றார். ஆனால் அந்தப் போட்டி வெயிலுக்குப் பயந்தே மாலையில் தொடங்கி இருட்டில் தீப்பந்தங்களின் நடுவே முடிந்தது. வெறுங்காலுக்குப் பேர்போன நம் சிவ்நாத் சிங் 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் 11-ஆவதாக வந்தார். 1978-இல் ஜலந்தரில் அவர் வைத்த 2 மணி 12 நிமிட இந்திய மராத்தான் சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் நின்றது. பாதம் பழகியவர்களுக்கு அது முடியும். ஆனால் நிழலில் 40 டிகிரி இருக்கும்போது தார்ச் சாலை 60 டிகிரியைத் தொடும். பக்தி அதைத் தாங்கவைக்கலாம், தோல் தாங்காது. வெறுங்காலோடு பழக விரும்புகிறவர்கள் விடியலில், மண் மைதானத்தில், சில நூறு மீட்டர்களில் ஆரம்பிக்கட்டும்.

தண்ணீர் விஷயத்தில் பயம் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஆல்பர்ட்டோ சலசார் 1984 ஒலிம்பிக்குக்குத் தயாரானபோது மணிக்கு 3.7 லிட்டர் வியர்த்ததாக அளந்திருக்கிறார்கள். குடலோ மணிக்கு ஒரு லிட்டரை ஏற்றுக்கொள்வதே கஷ்டம். ஆகவே வியர்த்ததை முழுக்க ஈடுகட்ட முடியாது, முயலவும் வேண்டாம். 2002 பாஸ்டன் மராத்தானில் ரத்தம் கொடுத்த 488 பேரைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் தாழ்ந்திருந்தது. முக்கியக் காரணம் அளவுக்கு மீறிக் குடித்தது. ஓடி முடித்தபோது ஓடுவதற்கு முன்பு இருந்ததைவிட எடை கூடியிருந்தவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். வீட்டுத் தராசு போதும். ஓடுமுன் ஒரு தடவை, ஓடி வந்து உடம்பைத் துடைத்துவிட்டு ஒரு தடவை நில்லுங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர். 60 கிலோக்காரருக்கு ஒரு கிலோ குறைவது பரவாயில்லை, இரண்டு கிலோ என்றால் அடுத்த தடவை வழியில் இன்னும் கொஞ்சம் குடிக்க வேண்டும், எடை கூடியிருந்தால் குறைத்துக்கொள்ள வேண்டும்.

வியர்வையில் போவது முக்கியமாகச் சோடியம். இளநீரில் நிறைந்திருப்பது பொட்டாசியம், சோடியம் சொற்பம். சாலையோர இளநீர்க்காரர் கோபிக்கக் கூடாது, ஓட்டத்துக்குப் பிறகு இளநீர் அருமையான பானம்தான். ஆனால் அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டால்தான் கணக்கு நேராகும். உப்பு போட்ட நீர்மோரும் நீராகாரமும் இந்த வேலையை இளநீரைவிட நன்றாகச் செய்யும். ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர்கள் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை இடுப்புப் பையில் போட்டுக்கொள்ளலாம். ஒரு மணி நேரத்துக்குள் ஓடி முடிக்கிறவர்களுக்கு வெறும் தண்ணீரே போதும்.

சாமான்களையெல்லாம் வாங்கி முடித்தாலும் கடையில் கிடைக்காத ஒன்று மிச்சம் இருக்கிறது. அது உடம்பு வெக்கைக்குப் பழகுவது. தினம் ஒரு மணி நேரம்போல் சூட்டில் உழைத்தால் பத்து, பதினாலு நாளில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. வியர்வை சீக்கிரமே ஊறுகிறது, அதில் உப்பு குறைகிறது, அதே வேகத்துக்கு இதயம் குறைவாகத் துடிக்கிறது. ஏ.சி. அறையில் படித்துக்கொண்டிருந்துவிட்டு, உடல்தகுதித் தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போது மைதானத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்த அவகாசம் கிடைப்பதில்லை. 2024 ஆகஸ்ட் கடைசியில் ஜார்க்கண்ட் மாநில கலால் காவலர் தேர்வில் ஆண்கள் ஒரு மணி நேரத்தில் 10 கி.மீ. ஓட வேண்டியிருந்தது. அதில் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்தார்கள். சில நாள் தேர்வையே நிறுத்திவைத்தார்கள். காரணங்களைப் பற்றிப் பல பேச்சு எழுந்தது. மழைக்காலப் புழுக்கத்தில், பழகாத உடம்போடு, வேலை கிடைக்குமா என்ற பதற்றத்தில் நிற்காமல் ஓடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அதிகப் பேச்சு தேவையில்லை. சிறுமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஞாயிற்றுக்கிழமை குளுகுளுவென்று ஓடுவது காலுக்கு நல்லது. கீழே சமவெளியில் ஓட வேண்டிய தேர்வுக்கு அது தயாரிப்பு ஆகாது.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒருவர் விழலாம். ஓடிக்கொண்டிருந்தவர் தள்ளாடுகிறார், சம்பந்தமில்லாமல் பேசுகிறார், கேட்டதற்குக் கோபப்படுகிறார் என்றால் அது வெப்ப வாதம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். தோல் காய்ந்திருந்தால்தான் வெப்ப வாதம் என்பது பழைய பாடம். ஓடி விழுந்தவர்களுக்குப் பெரும்பாலும் உடம்பு வியர்த்துதான் இருக்கும். 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை கைகட்டிக் காத்திருக்கக் கூடாது, அந்த நிமிடமே குளிர்விக்க ஆரம்பிக்க வேண்டும். முகத்தில் தண்ணீர் தெளிப்பதும் விசிறுவதும் போதாது. தலை மட்டும் மேலே இருக்கும்படி ஒருவர் பிடித்துக்கொள்ள, கழுத்துவரை தண்ணீரில் இறக்க வேண்டும். அமெரிக்காவின் ஃபால்மத் சாலை ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் 274 பேருக்கு வெப்ப வாதம் வந்தது. ஐஸ் தண்ணீர்த் தொட்டியைப் பந்தய முடிவிடத்திலேயே தயாராக வைத்திருந்ததால் 274 பேரும் பிழைத்தார்கள். திண்டுக்கல் சுற்றுப்பட்டில் தோட்டத்துக்குத் தோட்டம் பம்ப்செட் தொட்டி இருக்கிறது. அந்தத் தண்ணீர் ஐஸ்போலக் குளிராவிட்டாலும் காரியத்துக்கு ஆகும். மராத்தான் நடத்துகிறவர்கள் டி-ஷர்ட்டுக்கும் பதக்கத்துக்கும் மேடைக்கும் ஒதுக்கும் பணத்தில், முடிவிடத்தில் ஆள் படுக்கும் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் பத்து மூட்டை ஐஸும் வாங்கி வைக்கலாம். பதிவுக் கட்டணம் கட்டுகிறவர்கள் டி-ஷர்ட் அளவைக் கேட்கும்போதே தொட்டி இருக்கிறதா என்றும் கேட்டுவிடலாம்.